தாஞ்சியரிலிருந்து மதுரை வரை – 4: அலெக்ஸாந்திரியாவில் கேட்ட சொல்

ஹிஜ்ரி 726-ஆம் ஆண்டு ஜமாதுல் அவ்வல் முதல் பிறையன்று, ஆங்கிலக் கணக்கில் 1326-ஆம் வருஷம் ஏப்ரல் 5-ஆம் தேதி, மேற்கே திரிப்போலியிலிருந்து கடலோரப் பாதையாக வந்த ஹஜ்ஜு யாத்ரீகர் கூட்டம் ஒன்று அலெக்ஸாந்திரியா நகரின் மதிலை அடைந்தது. அக்கூட்டத்தில் ஒருவராக வந்த இபன் பதூதாவுக்கு அப்பொழுது வயது 22. தாஞ்சியரில் தாய் தந்தையரை விட்டுத் துணைக்கு ஓர் ஆள்கூட இன்றிப் புறப்பட்டுப் பத்து மாதம் ஆகியிருந்தது. தூனிஸ் நகரில் உடன் வந்தவர்களையெல்லாம் ஊரார் எதிர்கொண்டு முகமன் கூறித் தழுவிக்கொள்ள, தம்மை விசாரிப்பார் ஒருவரும் இல்லையே என்று அவர் கண்ணீர் விட்டதையும், பிறகு அந்த யாத்ரீகர் கூட்டத்துக்கே காஜியாக நியமனம் பெற்றதையும், வழியில் மணமுடித்து, மாமனாருடன் பிணங்கி, அந்த மணத்தை முறித்து மறுமணம் செய்துகொண்டதையும் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். அந்த மறுமனைவியைப் பற்றியோ கூட்டத்தாரைப் பற்றியோ அலெக்ஸாந்திரியாவில் அவர் பேசுவதேயில்லை. தன்னந்தனியாக ஒரு பெருநகரத்தின் வீதிகளில் நடந்து திரியும் வாலிபர் ஒருவரைத்தான் அவருடைய பிரயாண நூலின் அப்பகுதியில் நாம் சந்திக்கிறோம்.

அவருக்கு அவசரமும் இல்லை. ஹஜ்ஜு நிறைவேற வேண்டிய துல்ஹஜ்ஜு மாதம் பிறக்க ஏறக்குறைய ஏழு மாதம் இருந்தது. நடந்தே போனாலும் அதற்குள் மக்காவை அடைந்துவிடலாம். ஆகவே பார்க்க வேண்டியவற்றைப் பார்த்துக்கொண்டும், தரிசிக்க வேண்டிய பெரியோர்களின் வாயில்களில் காத்திருந்தும் அவர் சாவகாசமாகத் தங்கினார். பின்னாளில் தில்லிக்கும் சீனத்துக்கும் மாலைத்தீவுக்கும் மாலி தேசத்துக்கும் சென்று, சுமார் முப்பது ஆண்டுகளை வழிநடையிலேயே கழித்த அந்த மகா பிரயாணி பிறந்தது, 1304-இல் தாஞ்சியரில் அவர் தாய் வயிற்றில் பிறந்த நாளிலன்று, அலெக்ஸாந்திரியாவில் வேலையின்றித் தங்கியிருந்த இந்த நாட்களில்தான் என்பது என் துணிபு. இவ்வத்தியாயம் முழுவதையும் அந்த நாட்களுக்கே ஒதுக்குவதற்கு அதுவே காரணம்.

மாஸிடோனியா தேசத்து மன்னன் அலெக்ஸாந்தர் கி.மு. 331-இல் கால்கோள் செய்த அந்நகரம், அப்பொழுதே பதினாறு நூற்றாண்டுப் பழமை உடையது. கரைக்கு எதிரே இருந்த ஃபாரோஸ் என்னும் சிறு தீவைப் பழைய கிரேக்க அரசர்கள் ஒரு நீண்ட அணையால் கரையோடு இணைத்தார்கள். நாளடைவில் கடல் கொணர்ந்த மணல் அந்த அணையின் இருபுறமும் படிந்து அகன்று, நிலம் கடலுக்குள் நாக்கு நீட்டியதுபோல் ஆயிற்று. அதன் இருபக்கத்திலும் இரண்டு துறைமுகங்கள். மேற்குத் துறைமுகம் முஸ்லிம்களின் மரக்கலங்களுக்கும், கிழக்குத் துறைமுகம் கிறிஸ்தவ நாடுகளின் கப்பல்களுக்கும் உரியனவாயிருந்தன. நகரைச் சூழ்ந்த மதிலில் நான்கு வாயில்கள் இருந்ததாக இபன் பதூதா எழுதுகிறார். மேற்றிசை யாத்ரீகர்கள் வந்து சேரும் பாதை இலந்தைமர வாயிலில் முடியும். ரஷீத் வாயில் கிழக்கே நைல் முகத்துவாரத்துக்குப் போகிறவர்களுக்கு உரியது. கடல் வாயில் துறைமுகத்தை நோக்கியது. நான்காவதான பச்சை வாயில் வெள்ளிக்கிழமைகளில் மட்டுமே திறக்கப்படும். அன்று ஊர் ஜனங்கள் அவ்வழியே வெளியே சென்று, மதிலுக்கு அப்பாலுள்ள அடக்கஸ்தலங்களில் ஜியாரத்து செய்து திரும்புவார்கள். வாரத்தில் ஆறு நாள் மூடிக் கிடக்கும் ஒரு வாயிலை, இறந்தோரைக் காணச் செல்வதற்கென்றே ஏழாம் நாள் திறந்து வைத்த அந்த ஏற்பாடு என் மனத்தை மிகவும் கவர்கிறது.

உலகத்தில் தாம் கண்ட பெருந்துறைமுகங்களில் அலெக்ஸாந்திரியாவுக்கு இணையானவை நான்கே என்று, முதுமையில் தம் பிரயாணத்தைச் சொல்லி எழுதுவித்தபோது அவர் கணக்கிட்டார்: இந்தியாவில் கொல்லமும் கோழிக்கோடும், கருங்கடல் கரையில் சூதாக்கும், சீனத்தில் ஜைதூனும். இந்தப் பட்டியலில் நம் பக்கத்துத் துறைகள் இரண்டு இடம்பெற்றது தற்செயல் அன்று. கொல்லத்திலும் கோழிக்கோட்டிலும் ஏற்றிய மிளகு அரபிக் கடலைக் கடந்து, செங்கடலில் நுழைந்து, ஐதாப் என்னும் வறண்ட துறையில் இறங்கி, ஒட்டகத்தின் முதுகில் பாலைவனம் தாண்டி, நைல் நதிக்கரையிலுள்ள கூஸ் என்ற ஊரை அடையும்; அங்கிருந்து படகில் கெய்ரோவுக்கும், பின்னர் கால்வாய் வழியே அலெக்ஸாந்திரியாவுக்கும் வரும். மணல் தூர்ந்து கிடந்த அந்தக் கால்வாயை எகிப்தின் சுல்தான் அந்நாஸிர் முஹம்மது 1310-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆயிரமாயிரம் பேரைக் கொண்டு வெட்டித் திருத்தினார். செங்கடல் வழி நடந்த இந்த வர்த்தகம் பெரும்பாலும் காரிமி என்று பெயர்பெற்ற செல்வந்தர்களின் கையில் இருந்தது.

இந்தப் பாதைக்கு அதனினும் பழைய சாட்சி ஒன்று உண்டு. வியன்னா நகரில் இன்று பாதுகாக்கப்படும், கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாபிரஸ் ஏடு ஒன்றில், நம்முடைய முசிறித் துறைக்குப் போய் வரும் கப்பல் வாணிகத்துக்காக வாங்கிய கடனின் நிபந்தனைகள் எழுதப்பட்டுள்ளன. முசிறிச் சரக்கைச் செங்கடல் கரையில் இறக்கி, நம்பிக்கையான ஒட்டகக்காரன் வசம் கோப்டோஸ் நகருக்கு அனுப்பி, அங்கிருந்து ஆற்று வழியே அலெக்ஸாந்திரியாவுக்குக் கொணர்ந்து, அரசாங்கப் பண்டகசாலையில் முத்திரையிட்டு வைக்கவேண்டும் என்பது அதன் சாரம். சரக்கு மதிப்பில் நாலில் ஒரு பங்கு அங்கே சுங்கமாகச் செலுத்தவேண்டும். கோப்டோஸும் கூஸும் ஒன்றுக்கொன்று அண்டையூர்கள். பன்னிரண்டு நூற்றாண்டு காலத்தில் ரோமாபுரி ஆட்சி மறைந்தது, மதம் மாறிற்று, மொழி மாறிற்று. மிளகு வந்த வழி மட்டும் சற்றேறக்குறைய அப்படியே இருந்தது.

அந்த மிளகை வாங்குவதற்காக வெனிஸ், ஜெனோவா, கதலூனியா முதலிய தேசங்களின் வியாபாரிகள் கடல் கடந்து வந்தார்கள். 1291-இல் ஆக்கர் கோட்டை வீழ்ந்தபின் எகிப்தோடு வர்த்தகம் செய்தலாகாது என்று போப்பாண்டவர் தடை விதித்திருந்தும், லாபத்தின் ஆசை அதற்குள் ஆயிரம் வழி கண்டுபிடித்தது. அவர்கள் தங்குவதற்குத் தேசத்துக்கு ஒன்றாகப் பண்டகசாலையோடு கூடிய விடுதிகள் இருந்தன. இரவிலும், வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை வேளையிலும் அவ்விடுதிகளின் கதவுகளை வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள். அந்தக் கதவுகளின் இருபுறத்திலும் அச்சம் குடியிருந்தது என்பதற்கு அடுத்த வருஷமே சாட்சி கிடைத்தது. 1327-இல் முஸ்லிம் வியாபாரிகளுக்கும் கிறிஸ்தவ வியாபாரிகளுக்கும் மூண்ட சச்சரவில், நகர அதிகாரி அயல்நாட்டாரின் பக்கம் சாய்ந்தார் என்று ஊரார் வெகுண்டெழுந்து அவருடைய மாளிகையை முற்றுகையிட, புறாக்கள் சுமந்த ஓலைகள் கெய்ரோவுக்குப் பறந்தன. சுல்தானின் படைத்தலைவர்கள் வந்து விதித்த தண்டனை மிகக் கொடியது. இச்செய்தியை இபன் பதூதா மக்காவில் இருக்கும்போது கேள்வியுற்றார். அவர் நடந்து திரிந்த நாட்களில் அந்தக் கடைவீதிகள் அமைதியாகவே இருந்தன.

நிற்க, அவர் பார்த்தவற்றுக்கு வருவோம். உலக அதிசயங்களில் ஒன்றாகக் கிரேக்கர் போற்றிய கலங்கரை விளக்கம் அப்பொழுது முற்றும் அழிந்துவிடவில்லை. கி.மு. 280-ஐ ஒட்டி, இரண்டாம் தாலமி மன்னன் காலத்தில் கட்டி முடிக்கப்பெற்று, ஸோஸ்திராத்தஸ் என்பவனின் பெயரோடு வழங்கிய அந்த விளக்கம், கீழே சதுரமாகவும், நடுவே எட்டுப்பட்டையாகவும், மேலே வட்டமாகவும் மூன்று அடுக்கில் முந்நூறு அடிக்கு மேல் உயர்ந்து நின்றது. 1183-இல் கிரனாடாவிலிருந்து வந்த இபன் ஜுபைர் அதன் உச்சியிலிருந்த பள்ளிவாசலுக்கே ஏறிச் சென்று தொழுதவர். ஆனால் 1303 ஆகஸ்டு மாதத்தில் கிழக்கு மத்தியதரைக் கடற்கரை முழுவதையும் உலுக்கிய நிலநடுக்கம் அதைப் பெரிதும் சிதைத்துவிட்டது. 23 ஆண்டுகளுக்குப் பின் வந்த இபன் பதூதா, அதன் ஒரு பக்கம் இடிந்து கிடக்கக் கண்டார்.

இடிபாட்டைக் கண்டு பெருமூச்சு விட்டதோடு அவர் நின்றுவிடவில்லை என்பதற்காக நான் அவரை நேசிக்கிறேன். நகரிலிருந்து ஏறத்தாழ மூன்று மைல் தூரம் கடற்கரையோரமாக நடந்து, மூன்று புறமும் நீர் சூழ்ந்த மேட்டின்மேல் நின்ற அந்தக் கட்டடத்தை அடைந்து, உள்ளே புகுந்து அளந்து பார்த்தார். வாயில் தரைமட்டத்தில் இல்லை, உயரத்தில் இருந்தது. அதற்கு நேரெதிரே, அதே உயரத்துக்கு, வேறொரு கட்டடம் எழுப்பி, இரண்டுக்கும் இடையே மரப்பலகைகளைப் பாலமாகப் போட்டிருந்தார்கள். பலகைகளை எடுத்துவிட்டால் பகைவன் எவனும் உள்ளே நுழைய இயலாது. வாயிலுக்குள் காவலாளி இருப்பதற்கு ஓர் இடம். அதற்கப்பால் பல அறைகள். உள்வழியின் அகலம் 9 சாண், சுவரின் கனம் 10 சாண், வெளிப்புறத்தில் ஒவ்வொரு பக்கமும் 140 சாண் என்று அவர் கணக்குச் சொல்கிறார். 22 வயது இளைஞர் ஒருவர், கையில் நூல்கயிறோ அளவுகோலோ இல்லாமல், விரல்களை விரித்து விரித்துப் பழஞ்சுவரின்மேல் வைத்து நகர்ந்துபோகும் காட்சி என் கண்முன் நிற்கிறது. புவியியல் நூல்களில் படித்ததைத் திருப்பிச் சொல்லும் பலருக்கிடையே, கையால் தொட்டு அளந்தவரின் சாட்சிக்கு ஒரு தனி மதிப்பு உண்டல்லவா?

பிறகு 1349-இல், கிழக்குத் திசைகளெல்லாம் சுற்றிவிட்டுத் தாய்நாடு திரும்பும் வழியில், அவர் அதே இடத்துக்கு மீண்டும் போனார். அந்த இடைவெளியில் அது மேலும் சிதைந்து, உள்ளே நுழையவோ, வாயில் வரையில் ஏறவோ முடியாத நிலையை அடைந்திருந்தது. அதற்கு எதிரே அதைப் போலவே இன்னொன்று கட்ட அந்நாஸிர் சுல்தான் தொடங்கியிருந்தார். கட்டி முடிப்பதற்குள் அவர் காலமாகிவிட்டார். இபன் பதூதாவின் இந்த இரண்டாம் வருகைக்குச் சிறிது முன்னே நகரத்தில் பெருங்கொள்ளைநோய் தாண்டவமாடியது. ஒரு நாளைக்கு 1,080 பேர் வரையில் மாண்டதாக அவர் எழுதிவைத்திருக்கிறார். கலங்கரை விளக்கம் நின்ற அதே அடித்தளத்தில், 1477-ஐ ஒட்டி, காயித்பாய் சுல்தான் ஒரு கோட்டையை எழுப்பினார்; அது இன்றும் நிற்கிறது. அதன் பக்கத்துக் கடலடியில் 1990-களில் முக்குளிப்போர் கண்டறிந்த பெரும் பெரும் கருங்கற்களில் சில, இபன் பதூதாவின் விரல்கள் பட்டவையாகவும் இருக்கலாம்.

நகருக்கு வெளியே பேரீச்ச மரத்தோப்பு ஒன்றின் நடுவே, மரங்களின் தலைகளுக்கெல்லாம் மேலே தலைதூக்கி நின்ற ஒற்றைக்கல் ஸ்தம்பத்தையும் அவர் கண்டார். ரோமாபுரிச் சக்கரவர்த்தி டயோகிளிஷியனின் கௌரவார்த்தமாக மூன்றாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி நாட்டப்பட்ட, அஸ்வான் செங்கருங்கல்லாலான அந்தத் தூண், பீடத்தையும் சேர்த்து ஏறத்தாழ 88 அடி உயரமுடையது. அதை யார், எப்படித் தூக்கி நிறுத்தினார்கள் என்பது அவருக்குத் தீராத வியப்பு. அவர் சொல்லச் சொல்ல எழுதிய இபன் ஜுஸய், தம் ஆசிரியர் ஒருவரிடம் கேட்ட கதையை இவ்விடத்தில் சேர்த்திருக்கிறார். வில்லாளி ஒருவன் தூணுக்கு மேலே அம்பெய்து, அம்பின் வாலில் கட்டிய நூலை மறுபுறம் விழச்செய்து, நூலோடு கயிற்றை இழுத்து, கயிற்றின் ஒரு முனையைக் கட்டிவிட்டு மறுமுனையைப் பற்றி ஏறி, உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டானாம். எப்படி ஏறினான் என்பது தெரியாமல் கீழே ஊரே திரண்டு நின்று திகைத்ததாம்.

கட்டடங்களுக்குச் செலவிட்ட வார்த்தைகளை விட மனிதர்களுக்குச் செலவிட்ட வார்த்தைகள் அவர் நூலில் அதிகம். இமாதுத்தீன் அல்கிந்தீ என்ற காஜியார் பள்ளிவாசலின் மிஹ்ராபு மாடத்துக்கு முன்னே அமர்ந்திருக்க, அவருடைய தலைப்பாகை அந்த மாடம் முழுவதையும் நிரப்பிவிடும்போலிருந்தது என்றும், கிழக்கிலும் மேற்கிலும் அவ்வளவு பெரிய தலைப்பாகையைத் தாம் கண்டதில்லை என்றும் எழுதுகிறார். மற்றொரு காஜியான ஃபக்ருத்தீன் அர்ரீகீயைப் பற்றிச் சொல்லும்போது, அவருடைய பாட்டனார் அந்நகருக்கு வந்த கதையைக் கூறுகிறார். அந்தப் பாட்டனார் மேற்றிசை பெர்பர் குலத்தவர், கல்வியில் நாட்டமுள்ளவர், கையில் காசில்லாதவர். ஒரு மாலைப்பொழுதில் அலெக்ஸாந்திரியா வாயிலுக்கு வந்து சேர்ந்தவர், நல்ல சொல் ஒன்று காதில் விழுந்தாலன்றி உள்ளே புகுவதில்லை என்று தீர்மானித்து, வாயிலண்டை உட்கார்ந்துவிட்டார். போவோர் வருவோரெல்லாம் உள்ளே போய்விட்டார்கள்; கதவடைக்கும் நேரமும் வந்தது. இவர் மட்டும் அசையாதிருப்பதைக் கண்டு சலித்துப்போன வாயிற்காவலன், ஏளனமாக, காஜியாரே உள்ளே வாரும் என்றான். இறைவன் நாடினால் அப்படியே ஆகட்டும் என்று எழுந்து உள்ளே சென்றவர், ஒரு மதரசாவில் தங்கிப் பயின்று, ஒழுக்கத்தாலும் கல்வியாலும் உயர்ந்து, காலக்கிரமத்தில் அந்நகரின் காஜியாகவே ஆனார்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதுமையான வழக்கமன்று. தலைவன் போர்ப்பாசறையில் இருக்க, மாலை வேளையில் நெல்லும் மலரும் தூவி வழிபட்டு, ஊர்ப்புறத்தே நின்று, யாரோ யாரிடமோ சொல்லும் சொல்லை நன்னிமித்தமாகக் கேட்டு வரும் பெருமுது பெண்டிரை முல்லைப்பாட்டில் பார்த்திருக்கிறோம். விரிச்சி கேட்டல் என்று நம் முன்னோர் போற்றிய அந்த மரபும், அலெக்ஸாந்திரியா வாயிலில் காத்திருந்த அந்த ஏழை மாணாக்கரின் மனமும் ஒன்றே. தாமும் மேற்றிசையிலிருந்து வந்தவர், தாமும் காஜிப் பதவியை விரும்புபவர் என்னும் உணர்வோடு இபன் பதூதா இக்கதையைக் கேட்டிருப்பார்.

ஆன்மிகப் பெரியோர்களில் யாகூத் அல்ஹபஷீயை அவர் தரிசித்தார். அவர் ஸ்பெயின் தேசத்து முர்ஸியாவிலிருந்து வந்த அபுல் அப்பாஸ் முர்ஸீயின் சீடர். முர்ஸீயோ ஷாதுலிய்யா தரீக்காவின் மூலபுருஷரான அபுல் ஹஸன் ஷாதுலியின் சீடர். காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் இன்றுவரை தழைத்திருக்கும் அந்த ஞானவழியின் வேர் இந்த அலெக்ஸாந்திரியாவில் ஊன்றியது. ஷாதுலி 1258-இல் கடைசி முறையாக ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபோது, மண்வெட்டியும் கூடையும் பிரேதத்துக்கு வேண்டிய வாசனைப் பொருள்களும் எடுத்துவரும்படி பணியாளிடம் சொன்னாராம். எதற்கு என்று கேட்டவனுக்கு, ஹுமைஸராவில் தெரியும் என்று மட்டும் பதில் வந்தது. பாலைவனத்திலுள்ள அந்த இடத்தை அடைந்ததும், தொழுகையின் கடைசி ஸுஜூதில் அவர் உயிர் பிரிந்தது. இதைச் சீட பரம்பரையின் வாயிலாகவே யாகூதிடமிருந்து இபன் பதூதா கேட்டறிந்தார்.

இப்படிச் சொல்லும் நிமித்தமும் நிறைந்த சூழ்நிலையில்தான், புர்ஹானுத்தீன் என்ற, கால் ஊனமுற்ற துறவியின் வீட்டில் அவர் மூன்று நாள் விருந்தாளியாகத் தங்கினார். ஒருநாள் அப்பெரியவர் அவரைப் பார்த்து, உமக்கு ஊர் ஊராகத் திரிவதில் விருப்பம் இருக்கிறதே என்றார். ஆம் என்று வாலிபர் ஒப்புக்கொண்டார். ஆனால் மக்காவுக்கு அப்பால், இந்தியாவென்றும் சீனமென்றும் அவர் அதுவரையில் நினைத்ததும் இல்லை. இறைவன் நாடினால் இந்தியாவிலுள்ள என் சகோதரர் ஃபரீதுத்தீனையும், சிந்து தேசத்திலுள்ள ருக்னுத்தீனையும், சீனத்திலுள்ள புர்ஹானுத்தீனையும் நீர் கட்டாயம் காண்பீர். கண்டால் என் சலாமைச் சொல்லவேண்டும் என்றார் பெரியவர். இளைஞர் திகைத்துப்போனார். அந்தச் சொல் உள்ளத்தில் விழுந்துவிட்டபின், அம்மூவரையும் கண்டு சலாம் சொல்லும் வரையில் தம் அலைச்சல் ஓயவில்லை என்று அவரே கூறுகிறார்.

1355-இல், மொராக்கோவில், அபூ இனான் சுல்தானின் கட்டளைப்படி சொல்லி எழுதுவித்தபோது, 29 ஆண்டுக்கு முந்திய ஒரு சம்பாஷணையை முடிந்த முடிவுக்கேற்ப அவர் திருத்திக்கொண்டிருக்கலாம் என்று ஐயுறுவோர் உண்டு. பெயர்களைப் பொறுத்தவரையில் அந்த ஐயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் விடைபெறும்போது பெரியவர் வழிச்செலவுக்கென்று கொடுத்த பணத்தைப் பற்றி அவர் சொல்வதைக் கவனிக்க வேண்டும். அதை அவர் செலவழிக்கவேயில்லை. செலவழிக்கும் அவசியம் ஏற்படவில்லை என்கிறார். தில்லியில் முஹம்மது பின் துக்ளக்கின் அரண்மனையில் கடன்பட்ட நாட்களையும், கோழிக்கோட்டுக் கடலில் சீனக் கப்பல் உடைந்து உடைமையெல்லாம் போன நாளையும் கடந்து அந்த முடிச்சு அவரிடமே இருந்தது. கடைசியில் ஹொன்னாவருக்குப் பக்கத்தில் கடற்கொள்ளைக்காரர்கள் பன்னிரண்டு மரக்கலங்களில் வந்து வளைத்து, உடுத்திய காற்சட்டை ஒன்று தவிர மற்றெல்லாவற்றையும் பறித்துக்கொண்டபோதுதான் அதுவும் போயிற்று. வருஷக்கணக்காக ஒரு சிறு தொகையைச் செலவிடாமல் மடியில் காத்து வந்தவர், அதைக் கொடுத்தவரின் வாக்கை எவ்வளவு உறுதியாக நம்பியிருக்கவேண்டும்!

அந்தக் கொள்ளை நடந்தது நம் மதுரையிலிருந்து அவர் திரும்பிய வழியில். மதுரைச் சுல்தான் கியாஸுத்தீன் தாமகானி அவருக்கு ஒருவகையில் சகலர். அவர் தில்லியில் மணந்த பெண்ணின் சகோதரியைத்தான் அச்சுல்தான் மணந்திருந்தார். மதுரையில் கொள்ளைநோய் பரவி நின்ற அந்தச் சமயத்தில் கடுங்காய்ச்சல் கண்டு, சாகத்தான் போகிறோம் என்று எண்ணியிருந்தபோது, புளியை நீரில் கரைத்துக் குடித்து அவர் பிழைத்த வரலாற்றை உரிய இடத்தில் விரிவாகச் சொல்வேன். அலெக்ஸாந்திரியாவில் அந்த முடவரான மகானின் வாக்கைக் கேளாதிருந்தால், ஹஜ்ஜை முடித்துக்கொண்டு அவர் தாஞ்சியருக்குத் திரும்பி, தம் முன்னோரைப் போலத் தாமும் ஓர் ஊர்க் காஜியாக வாழ்ந்து முடித்திருப்பார். பதினான்காம் நூற்றாண்டு மதுரையை நேரில் கண்டு எழுதிய மிக முக்கியமான சாட்சியும் நமக்குக் கிட்டாமற் போயிருக்கும்.

அந்நகரில் இருக்கும்போதே இன்னொரு பெரியவரைப் பற்றியும் அவர் கேள்விப்பட்டார். ஃபூவா என்ற ஊரருகே தனிக்குடிலில் வாழ்ந்த அபூ அப்துல்லாஹ் முர்ஷிதி, யாரிடமும் எதையும் பெறாதவர். ஆனால் வருகிறவர்கள் மனத்தில் நினைத்த உணவை நினைத்தபடியே அளிப்பவர் என்று ஜனங்கள் சொன்னார்கள். சுல்தானே அவரைத் தேடிப் போனதுண்டாம். இபன் பதூதா அலெக்ஸாந்திரியாவை விட்டு, தரூஜா, தமன்ஹூர் வழியாக நைல் கரையை நோக்கி நடந்தார். முர்ஷிதியின் குடிலில், புழுக்கம் தாளாமல் மொட்டை மாடியில் படுத்திருந்த இரவில் அவர் கண்ட கனவையும், அதற்கு அப்பெரியவர் கூறிய பொருளையும் அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.

(தொடரும்)